கோப்பையின் அடியில் நின்றது

என் குறிப்பேட்டில் 1973 நவம்பர் 11, ஞாயிறு என்று தேதியிட்ட பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "எஞ்சின் கட்டிய பின் 412 கிலோமீட்டர். எண்ணெய் இறக்கி வேட்டித் துணியில் வடிகட்டினேன். துணியில் தூள் மின்னுகிறது. காந்தத்தில் ஒட்டவில்லை. இரண்டு பொட்டலமாக மடித்து வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை."

கடைசி வாக்கியத்துக்கு விளக்கம் வேண்டும். அந்தக் கார் இருந்ததே அக்காவுக்காகத்தான். அவளுக்கு இருதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் இருதயத்தில் தங்கிவிட்டது என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். வருஷத்துக்கு மூன்று நான்கு முறை, பெரும்பாலும் மழைக்காலத்தில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அப்போது படுக்க முடியாது. உட்கார்ந்தபடியே வாய் திறந்து காற்றை இழுப்பாள். ஒரு மணி நேரத்துக்குள் ஊசியும் ஆக்சிஜனும் கிடைத்தால் தேறிவிடுவாள். உறுவையாறு வீட்டிலிருந்து புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் முக்கால் மணி நேரம். மாட்டு வண்டியில் வில்லியனூர் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அக்காள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கரும்பும் நெல்லும் பயிர் செய்தவர். ஊரில் டிராக்டரே இரண்டுதான் இருந்த காலத்தில் அவர் ஒரு கார் வாங்கினார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் வீட்டில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய கறுப்பு வண்டி. அதற்குத் தானே ஓட்டுநர் ஆனார். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார். "என் பொண்டாட்டி மூச்சுடா அது, ஊர்வலம் வுடறதுக்கா?" என்பார்.

1973 ஆகஸ்டில் வண்டி நீலப்புகை விட ஆரம்பித்தது. எண்ணெயை வெறியோடு குடித்தது. வில்லியனூரில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கிடம் எஞ்சினைப் பிரித்துக் கட்டக் கொடுத்தோம். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். அந்த வண்டிக்கு எந்தக் கடையிலும் பேரிங் கிடைக்காது. ஆகவே வெள்ளீயக் கலவையான வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறவைத்து, நீலமை தடவி கிராங்க் தண்டின் மேல் வைத்துச் சுழற்றி, மை ஒட்டிய மேடுகளைக் கைச்சுரண்டியால் சீவுவார். மறுபடி வைப்பார், மறுபடி சீவுவார். நான்கு பேரிங்குக்கு எட்டு நாள் ஆனது. அலுவலகம் விட்டுப் போகும் வழியில் நின்று பார்த்திருக்கிறேன். நான் அப்போது வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். குடியிருந்தது அக்கா வீட்டில்.

வண்டி கொட்டகையில் கிடந்த அந்த வாரங்களில்தான், செப்டம்பர் 19 அன்று, அக்காவுக்குத் திணறல் வந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் உட்கார வைத்து, பின்னால் நான் முதுகு கொடுத்து, வில்லியனூர் வந்து, பஸ்ஸுக்கு நின்று, ஆஸ்பத்திரி சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. உதடு நீலமாகிவிட்டது. பிழைத்தாள். டாக்டர் மாமாவை வெளியே அழைத்து, "இன்னொரு முறை இவ்வளவு நேரம் எடுத்தால் என்னிடம் கொண்டுவர வேண்டியதில்லை" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் மாமா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அக்டோபர் 20 அன்று எஞ்சின் முதன்முதலாக உறுமியது. வண்டியை உறுவையாற்றுக்கே கொண்டுவந்து மேஸ்திரி பூசை போட்டார். முன்பக்கத்தில் குங்குமம், நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. அவர் தொழில், அவர் வழக்கம். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேங்காய் சரிபாதியாக உடைகிறதா என்று கவனித்தாள்.

புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, எண்ணெயை மாற்ற வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகம் படித்துப் பழகியவனுக்கு எதையும் வடிகட்டிப் பார்க்கத் தோன்றும். நவம்பர் 11 அன்று மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எண்ணெயை இறக்கினேன். துணியின் மேல், பனங்கற்கண்டைப் பொடித்துத் தூவியதுபோல் மின்னியது. உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் பிடித்து நகர்த்தினேன். ஒரு துகளும் அசையவில்லை. அப்படியானால் இரும்பில்லை. வளையங்களோ கிராங்க் தண்டோ தேயவில்லை. வெளிறிய நிறம், ஆகவே பித்தளையும் இல்லை. மிச்சம் இருந்தது மேஸ்திரி ஊற்றிய வெள்ளை உலோகம்தான்.

மாமாவிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர் டீக்கடையில் நாலு பேர் முன்னால் மேஸ்திரியைப் பற்றி என்ன பேசினாரோ தெரியாது. நான் அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்புச் சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்கு மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கியபோது முகம் இறுகியிருந்தது.

"வா மேஸ்திரி, வா" என்றார் மாமா. "எட்டு நாளு சுரண்டின இல்ல? நீ சுரண்டினது பத்தாதுன்னு எஞ்சினும் குந்திக்கினு சுரண்டுது, வந்து பாரு."

மேஸ்திரி ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துத் தேய்த்தார். வெயிலே இல்லாத நாள். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்க நகத்தைத் திருப்பினார்.

"பேரிங்கு மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது. தெறந்து பாத்தாதான் சொல்ல முடியும்ணே."

"தெறந்தா எத்தினி நாளு?"

"ரெண்டு நாளு. மழ வுட்டா."

"மழ உன்னக் கேட்டுக்கினு வுடுமா?"

உள்ளே கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்திருந்த அக்கா குரல் கொடுத்தாள்: "ரெண்டு நாளு நான் மூச்சு வுடாம இருந்துக்கிறேன். நீங்க தெறந்து பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு நாங்கள் சொல்லாமலே எல்லாம் தெரிந்திருந்தது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த வேதியியல் புத்தகம் ஒன்றில், காரச்சோடாக் கரைசல் அலுமினியத்தை நுரைத்துக்கொண்டு கரைக்கும், மற்ற வெளிறிய உலோகங்கள் பலவற்றை அப்படித் தாக்காது என்று படித்திருந்தேன். தெருக்கோடியில் சவுக்காரம் காய்ச்சி விற்கும் வீட்டில் காரச்சோடா கிடைக்கும். வாங்கிவந்து, பீங்கான் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். கோப்பை சுட்டது. என்ன செய்யப்போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன்.

"என் சோத்துக் குண்டான்ல பண்ணாதடா" என்றாள் அக்கா. "அதுவும் அலுமினியந்தான். அப்பறம் எல்லாரும் பட்டினி."

முதல் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டேன். இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு கோப்பை முழுக்கச் சோடா பாட்டில் திறந்தாற்போல் நுரைத்தது.

"அலுமினியம்" என்றேன். என் குரலில் இருந்த மகிழ்ச்சி இப்போதும் எனக்குக் கேட்கிறது.

மேஸ்திரி கோப்பையைக் குனிந்து பார்த்தார். "சார், இந்த வண்டியில அலுமினியமே கெடயாது. பிஸ்டன் கூட வார்ப்பிரும்பு. எங்கேர்ந்து வரும்?"

மாமா என்னைப் பார்த்தார், நான் மேஸ்திரியைப் பார்த்தேன். கட்டில் பக்கம் சத்தமே இல்லை. அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவள் வாய் மூடியதுதான் எங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"நான் ஒண்ணு சொன்னா யாரும் கத்தக்கூடாது" என்றாள்.

எங்கள் மாதா கோயில் பங்கில் வீடு கட்டும்போது அஸ்திவாரக் குழியில் மாதா சுரூபம் ஒன்றைப் போட்டு மண் தள்ளுவது வழக்கம். விரல்நகம் அளவுள்ள அலுமினியப் பதக்கம். திருவிழாக் கடைகளில் முழக்கணக்கில் கோத்துத் தொங்கும். கிணறு வெட்டினாலும் போடுவார்கள். மேஸ்திரி பூசை போட்டுவிட்டுப் போன அன்று பிற்பகல், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அக்கா சுவரைப் பிடித்தபடி வண்டிவரை நடந்து போயிருக்கிறாள்.

"மேஸ்திரி அவரு சாமிக்கு எல்லாம் பண்ணாரு. நம்ம பங்குக்கு ஒண்ணுமே இல்லியேன்னு இருந்துச்சி. அஸ்திவாரத்துல போடறோம், கெணத்துல போடறோம். இதுல போட்டா இன்னா?"

"எதுல போட்ட?" மாமாவின் குரல் மிக மெதுவாக வந்தது.

"எண்ணெ ஊத்துற ஓட்டயில."

"கெணறு சுத்துதாடி? அஸ்திவாரம் நிமிசத்துக்கு ரெண்டாயிரம் சுத்து சுத்துதா?"

முதலில் சிரித்தவர் மேஸ்திரி. கையிலிருந்த அழுக்குத் துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரித்து, இருமி, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, மூச்சு வாங்குது" என்றாள். மாமா மேஸ்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "டீக்கடையில நான் சொன்னத மனசுல வெச்சிக்காத" என்றார். அந்த வீட்டில் அந்த மழைக்காலத்தில் அதுதான் கடைசியாக எல்லோரும் சேர்ந்து சிரித்தது.

மறுநாள், நவம்பர் 13, மேஸ்திரி வந்து எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினார். மாட்டுக்கொட்டகையில் வண்டியை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, சாக்கு விரித்து மல்லாந்து படுத்து வேலை செய்தார். கூரையிலிருந்து அவர் முழங்கால் மேல் சொட்டியது. அந்தக் காலத்து எஞ்சினில் எண்ணெயை அள்ளி வீச ஒவ்வொரு பேரிங்குக்கு அடியிலும் சிறு கரண்டி ஒன்று இருக்கும். மூன்றாவது கரண்டி முங்கும் தொட்டிப் பள்ளத்தில் சுரூபம் கிடந்தது. கரண்டி சுற்றுக்கு ஒரு தடவை தட்டித் தட்டி, பாதி தேய்ந்திருந்தது. முகம் இல்லை, காலடியும் எழுத்துகள் சிலவும் மிச்சம். மாமா அதைத் துடைத்து, அக்காவிடம் காட்ட எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஆகவே அடுத்து நடந்ததற்குச் சாட்சி நானும் மேஸ்திரியும் மட்டுமே.

அவர் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தார். "சுரூபம் சரி சார். தேஞ்சும் கீது. ஆனா இது ஒண்ணு மட்டும்தானான்னு எனக்குத் தெரியல. பேரிங்க மூடற நாலு கேப்பையும் கழட்டிப் பாத்துட்டா நிம்மதியா பூடும்."

"எத்தனை நாள்?"

"அதே ரெண்டு நாளுதான். தொட்டா மறுபடி மை வெச்சி ஒக்கார வெக்கணும்."

உள்ளே அக்கா இருமுவது கேட்டது. வானம் விட்டபாடில்லை. செப்டம்பர் 19 ஐ நினைத்தேன். முதல் நாள் கரைசல் இருந்த கோப்பையை நான் ஜன்னல் படியில் வைத்திருந்தேன். அதை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன். நுரை அடங்கி, தண்ணீர் தெளிந்திருந்தது.

"பாருங்க மேஸ்திரி. எல்லாம் கரைஞ்சுபோச்சு. உங்க பேரிங் உலோகமா இருந்தா கரையாது."

அவர் கோப்பையை வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.

"அடியில நிக்குதே சார், இது இன்னா?"

கோப்பையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படிவு, கடுகளவு குவிந்திருந்தது. நான் அதை முன்பே பார்த்திருந்தேன்.

"எண்ணெய்க் கரி" என்றேன்.

"கரின்னா கொஞ்சமாவது மெதக்குமே சார்."

"எரிஞ்ச கரி அடியிலதான் நிக்கும்." எந்தப் புத்தகத்திலும் நான் அப்படிப் படித்ததில்லை.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க படிச்சவங்க" என்றார். அதில் குத்தல் ஏதும் இருந்ததாக அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. டீக்கடைப் பேச்சுக்குப் பிறகு, தன் வேலை சரி என்று படித்தவன் ஒருவன் வந்து சொன்னதை எதிர்த்து, இல்லை, என் வேலையைச் சந்தேகப்படு என்று வாதாட யாருக்கு மனம் வரும்? தொட்டியை மாட்டினார். நான் கோப்பையை வைக்கோல் போரடியில் கொட்டிக் கழுவினேன். அன்றைய குறிப்பு: "முடிந்தது. சுரூபமே காரணம்." சிவப்பு மையில் கோடும் இழுத்திருக்கிறேன்.

பதினாறு நாள் வண்டி நன்றாக ஓடியது. 28 ஆம் தேதி மாலை, சுரூபம் கிடைத்ததற்கு நன்றி சொல்ல, அக்காவையும் ஏற்றிக்கொண்டு வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி கொளுத்தி வந்தோம். மிச்சமிருந்த பாதிச் சுரூபத்தை அக்கா நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

29 ஆம் தேதி, வியாழன், பிற்பகல் மூன்றரைக்குத் திணறல் வந்தது. நான் காய்ச்சலென்று அன்று வீட்டில் இருந்தேன். 3.50க்கு வண்டி கிளம்பியது. மாமா ஓட்டினார். நான் பின்னால் அக்காவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். வில்லியனூர் கடைத்தெருவைத் தாண்டும்போது 4.08. செப்டம்பரை விட எவ்வளவோ சீக்கிரம். அக்கா கையை அசைத்து, பயப்படாதே என்பதுபோல் காட்டினாள்.

வில்லியனூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சத்தம் தொடங்கியது. மழை கூரையில் அடிக்கும் சத்தத்துக்குக் கீழே, காலடியில், மரக்கதவை முட்டியால் தட்டுவதுபோல். வண்டி வேகம் எடுத்தால் தட்டலும் வேகம் எடுத்தது. அது என்ன என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. கோப்பையின் அடியும் கண்ணுக்கு வந்தது. மெதுவாக ஓட்டச் சொன்னால் எஞ்சின் தாங்கலாம், அக்கா தாங்க மாட்டாள். வேகமாகப் போகச் சொன்னால் மறுபுறம். எதையும் சொல்லாமல் இருந்தேன்.

"இன்னாடா சத்தம்?" என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"மழைக்கா."

என்னைப் பார்த்தாள். "மழ... கீழேர்ந்தா... பேயுது?"

அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை.

அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட்டைத் தாண்டி இருநூறு கெஜம் போயிருப்போம். தட்டல் ஒரு அலறலாக மாறி, பின்சக்கரங்கள் இழுத்துப் பிடித்தாற்போல் வழுக்கி, வண்டி சாலையோரம் நின்றது. 4.21. மாமா சாவியைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். பிறகு இறங்கி, மழையில், நடுச்சாலையில் கையை விரித்துக்கொண்டு நின்றார். கரும்பு ஏற்றிய ஒரு லாரி ஒதுங்கிப் போனது. ஒரு மாட்டு வண்டி நின்றது. அதில் ஏற்றிப் பயனில்லை என்று மாமாவே அனுப்பிவிட்டார். 4.43க்கு டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் முன்சீட்டுக்காரர்களை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். மூலகுளம் தாண்டியபோது என் தோளில் அவள் தலை சாய்ந்தது. தூங்குகிறாள் என்று பக்கத்திலிருந்த அம்மாள் சொன்னாள். நான் மறுக்கவில்லை. மாமா டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் அழுத்துப்பா, கொஞ்சம் அழுத்துப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது 5.05. பதிவேட்டில் இறந்த நேரம் 5.20 என்று இருக்கிறது. அது டாக்டர் பார்த்த நேரம்.

வண்டியை மாடு கட்டி இழுத்துவந்தார்கள். டிசம்பர் 9 அன்று, பாகூரிலிருந்து வந்த வேறொரு மெக்கானிக் திறந்து காட்டினார். நான்கில் மூன்று பேரிங்குகள் நன்றாக இருந்தன. சுரூபம் கிடந்த பள்ளத்துக்கு மேலிருந்த மூன்றாவதில் மட்டும் வெள்ளை உலோகம் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. இரும்போடு இரும்பு உரசி நீலமாகிப் போயிருந்தது. "ஊத்தசொல்ல சூடு பத்தல. ஒட்டாம உரிஞ்சிருக்கு" என்றார் அவர். கரண்டியைக் காட்டி, "இதுவும் லேசா வளஞ்சி கீது, எண்ணெ சரியா ஏறாம கூட பூட்டிருக்கும்" என்றும் சொன்னார். முதலாவது உண்மையானால் குற்றம் மேஸ்திரியின் ஊற்றலில். இரண்டாவது உண்மையானால், கரண்டியை வளைத்த அக்காவின் சுரூபத்தில். மாமா முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டார். அதையே எல்லோரிடமும் சொன்னார். "கொலைகாரன்" என்ற சொல்லை வில்லியனூர் கடைத்தெருவில், மேஸ்திரி கொட்டகை வாசலில் நின்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எது உண்மையானாலும், பேரிங் கேப்பைத் திறந்து பார்த்திருந்தால் நவம்பர் 13 அன்றே தெரிந்திருக்கும். திறக்கவேண்டும் என்று மேஸ்திரி சொன்னதை மாமா கேட்கவில்லை, உள்ளே இருந்தார். கேட்டது நான். மேஸ்திரியும் அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். மாமா 1979 இல் இறக்கும்வரை ஆறு வருஷம் அதற்கு நேரம் இருந்தது.

1974 ஜனவரியில் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தேன். அதே காரச்சோடா, வேறு கோப்பை. நுரை அடங்கியதும் அடியில் நின்றதைக் கழுவிக் காயவைத்து, ஈயம் பூசுபவரிடம் வாங்கிய நவச்சாரத் தூளோடு ஒரு இரும்புக் கரண்டியில் போட்டு, மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் பிடித்தேன். கரியாக இருந்தால் கரியாகவே இருந்திருக்கும். அது உருகி, குண்டூசித் தலையளவு ஒரு பளபளப்பான மணியாகத் திரண்டது. முழுச் சோதனைக்கும் பிடித்த நேரம் ஏழு நிமிடம். இரண்டு உலோகங்கள் இருந்திருக்கின்றன. ஒன்றைக் கண்டதும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

மேஸ்திரியின் கொட்டகைக்கு வண்டிகள் வருவது நின்றது. அந்தப் பொங்கலுக்கு முன்பே கொட்டகை காலியாகிவிட்டது. நெய்வேலிப் பக்கம் போனார் என்றார்கள், கடலூர் என்றார்கள். 1975 இல் நெய்வேலிக்கு நான் எழுதிய கடிதம், அப்படி ஒருவர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதில் கோப்பையைப் பற்றி எழுதியிருந்தேன். அடுத்த கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

1981 மார்ச்சில், உறுவையாறு திருப்பத்தில் அந்தக் காலத்தில் டீக்கடை வைத்திருந்தவரை வில்லியனூர் ஸ்டேஷனில் பார்த்தேன். பேச்சுவாக்கில் மேஸ்திரியைப் பற்றி விசாரித்தார். பிறகு சொன்னார்:

"உங்க அக்கா தவறிச்சே, அதுக்கு மொத நாளு சாயந்தரம் வந்தாருப்பா அந்த ஆளு. சைக்கிள்ல பெரிய ஸ்பானர் பை. நனஞ்சிக்கினே வந்தாரு. 'இன்னாப்பா இந்நேரத்துல?'ன்னேன். 'அந்த வண்டியத் தெறந்து பாக்கணும், மனசு கேக்கல, காசு வேணாம்னு சொல்லிப் பாத்துட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போனாரு. கொஞ்ச நேரத்துல திரும்பிட்டாரு. 'வூடு பூட்டி கீது'ன்னாரு. ஒரு டீ குடிச்சிட்டுப் போனாரு."

ரயில் வந்துவிட்டது; அவர் ஏறிப் போனார். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் நாள் என்றால் நவம்பர் 28. வீடு பூட்டியிருந்தது, நாங்கள் கோயிலில் இருந்தோம். அது மட்டும் பொருந்துகிறது. ஆனால் டீக்கடைக்காரர் ஏழு வருஷத்துக்கு மேல் கழித்துச் சொன்னார். நாளைத் தவறாக நினைவில் வைத்திருக்கலாம். மேஸ்திரி நவம்பர் 12, 13 தேதிகளிலும் அதே வழியாகச் சைக்கிளில் வந்தவர். எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டேன். அன்று யாரும் வந்ததாக நினைவில்லை என்றார், வரவில்லை என்றும் அவர் சொல்லவில்லை. டீக்கடைக்காரரை மறுபடி பார்த்துக் கேட்க மணப்பட்டில் அவர் மகள் வீட்டுக்கு 1983 இல் போனேன். அதற்குள் அவர் காலமாகியிருந்தார்.

இதை எழுதும் 1986 வரை, 1973 நவம்பர் 28 மாலை மேஸ்திரி எங்கள் வீட்டு வாசல்வரை வந்து திரும்பினாரா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது.